வடிவேலுக்குக் கறிப் படையல்

கள்ளக்குறிச்சி
22-12-2024

பவுனு அக்காவுக்கு,

சாந்தா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாமல் கடைசிவரை படியுங்கள். ஃபோனில் பேசலாம்தான். ஆனால் இந்த வீட்டில் இருப்பது உங்கள் கொழுந்தனுடைய ஃபோன் ஒன்றுதான். அதில் உங்கள் நம்பர் வந்தால் எடுக்கக் கூடாது என்று அத்தை சொல்லியிருப்பது உங்களுக்கே தெரியும்.

பெரிய மாமா தவறி, வருகிற தையோடு ஒரு வருஷம் ஆகிறது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, படையல் வைக்கலாம் என்று நாள் பார்த்திருக்கிறது. உயிரோடு இருந்தபோது என்ன பிடிக்குமோ அதைத்தானே இலையில் வைக்க வேண்டும்? வடிவேலுக்குக் கறிக் குழம்பு வைத்தால் போதும் என்று அத்தை சொன்னார்கள். கனி ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பாவுக்கு மாடியில சுட்ட கறிதான் பிடிக்கும். அது இல்லாம வெச்சா அப்பா வரமாட்டாரு" என்று சொல்லிவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது அவளிடம்.

டெல்லியில் மாமா சுடும்போது நாங்கள் உட்கார்ந்து தின்றதோடு சரி. எப்படிச் செய்தார் என்று ஒருவரும் பார்த்து வைக்கவில்லை. என்ன கரி, எவ்வளவு நேரம், மசாலா என்ன? கேஸ் அடுப்பில் கம்பி வலை வைத்துச் சுட்டால் அந்த ருசி வருமா? எழுதி அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

நீங்கள் வருவதைப் பற்றியும் அத்தையிடம் கேட்டுப் பார்த்தேன். இந்த வருஷம் வேண்டாம், ஊர் வாயை மூட முடியாது என்றார்கள். நான் என்ன செய்யட்டும்?

கனி நன்றாக இருக்கிறாள்.

இப்படிக்கு,
சாந்தா


டெல்லி
30-12-2024

சாந்தா,

உன் கடுதாசி வந்துச்சு. கிழிக்கல. ரெண்டு நாள் அரிசி டப்பா மேல வெச்சுப் பார்த்துட்டே இருந்தேன்.

கட்டினவ வந்து இலை முன்னாடி நிக்கக் கூடாது. அவ பக்குவம் மட்டும் தபால்ல வரணும். நல்லா இருக்கு உங்க நியாயம். எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். கனி ரெண்டு வேளை சாப்பிடலன்னு எழுதியிருக்க பாரு, அதுக்காக எழுதுறேன்.

கேஸ்ல சுடலாம், வேகும். நான் சமைக்கப் போற மயூர் விஹார் வீட்டுல மங்களம் அம்மாவோட மகன் ஸ்ரீதர் கரண்ட் கிரில் ஒண்ணு வாங்கி பால்கனியில வெச்சிருக்காரு. சுவிட்ச் போட்டா கம்பி சிவக்குது. புகை இல்ல, பக்கத்து ஃபிளாட்காரன் சத்தம் இல்ல. ஆனா அந்த வாசனை வராது. கொழுப்பு உருகி நெருப்பு மேல சொட்டி, அந்தப் புகை திரும்பக் கறியிலயே ஏறணும். கேஸ் தீயில ஈரம் இருக்கும், கறி பொரியாம வேர்க்கும்னு கனி அப்பா சொல்வாரு. அதனால கரிதான்.

இங்க கீக்கர்னு சொல்ற மரத்துக் கரி வாங்குவோம். அது நம்ம ஊரு வேலிக்காத்தான்தான். அங்க மலிவாவே கிடைக்கும். ரெண்டு துண்டை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாரு. கணீர்னு கேட்டா வாங்கு. மொத்துனு கேட்டா உள்ள ஈரம், வெடிச்சு மூஞ்சியில அடிக்கும். பத்த வைக்க மண்ணெண்ணெய் ஊத்தாதே, கறியில நாறும். கொட்டாங்குச்சி நாலு போதும். ப்ளைவுட்டு, பெயின்ட் அடிச்ச பலகை எதுவும் போடாதே. அவரு கம்பி கட்டுற சைட்டுல அதெல்லாம் மலையாக் கெடக்கும். ஒரு துண்டு எடுத்துட்டு வந்ததில்ல.

பத்தினதும் கறியை மேல வைக்காதே. செவப்பு மேல வெள்ளையா சாம்பல் பூக்கணும். உள்ளங்கையை ஒரு சாண் உயரத்துல காட்டி எண்ணு. அஞ்சுல கையை எடுத்தா சரி. ரெண்டுலயே எடுத்தா கறி வெளிய கருகி உள்ள பச்சையா நிக்கும். கரியை ஒரு பக்கமாத் தள்ளு, இன்னொரு பக்கம் காலியா விடு. தணல் மேல காட்டி நாலு பக்கமும் நிறம் வந்ததும் காலிப் பக்கம் நகத்தி, சட்டி கவுத்து மூடி வேக விடு. தீ எழும்புனா தண்ணி தெளிக்காதே, சாம்பல் பறந்து ஒட்டிக்கும். கம்பியை நகத்துனா போதும்.

தொடைக்கறி, ரெண்டு விரல் கனம். பப்பாளிக்காயைத் தோலோட அரைச்சுப் போட்டு ஒரு மணி நேரம், அதுக்கு மேல விட்டா கூழாயிடும். அப்புறம் தயிர், இஞ்சி பூண்டு, மிளகாத்தூள், மிளகு. நாங்க கடுகெண்ணெய் ஊத்துவோம். அத்தைக்கு அந்த வாடை ஆகாது, கடலெண்ணெய் ஊத்திக்க. குத்துற கம்பி பன்னெண்டு அவரே வெட்டி முனை தட்டினது என்கிட்ட இருக்கு. அனுப்ப மாட்டேன்.

வெளி வாசல்ல வெச்சு சுடு. முடிஞ்சதும் தண்ணி ஊத்தி அணை. புகைதான் போயிடுச்சே, தணல்தானேன்னு உள்ள கொண்டு போயிடாதே. நான் அப்படி நெனைச்சவ. அன்னிக்குப் பட்ட மத்தியானத்துலயே பனி மூடிக் கெடந்துச்சு. கரிப் புகைக்குத் தடை போட்டிருக்கான், சலான் வரும்னு கீழ இருந்து ஓனர் கத்தினான். சாப்பிட்டு முடிச்சோம். கனி சிநேகிதி வீட்டுக்குப் போயிட்டா. அவருக்குக் குளிர் ஜுரம், பல்லு அடிச்சுக்குது. கறி சுட்ட வாளி அடுப்புல, அதான் அங்கீட்டியில, ரெண்டு கைப்பிடி தணல் சாம்பலுக்கு அடியில கெடந்துச்சு. நான்தான் ரூமுக்குள்ள தூக்கி வெச்சேன். கதவு சாத்திக்காம இருக்கச் செங்கல் ஒண்ணு முட்டுக் கொடுத்துட்டு நாலு மணிக்கு வேலைக்குப் போனேன். ஏழு மணிக்கு வந்தப்ப கதவு சாத்தியிருந்துச்சு. மூச்சு இல்ல.

நெருப்பை வெச்சது நான்தான்னு போலீஸ்கிட்ட சொன்னேன். அத்தை காலைப் பிடிச்சுச் சொன்னேன். கனி அதைக் கேட்டுட்டு என் கையை உதறினவதான். கருமாதிக்கு உங்களோட ஊருக்குப் போனவ அங்கயே நின்னுட்டா. பதினோரு மாசம். அவளுக்கு நான் நாலு கடுதாசி போட்டேன். செங்கல் முட்டு வெச்சுட்டுத்தான் போனேன், அப்பாவைச் சாக விட்டுட்டுப் போகலன்னு நாலுலயும் எழுதினேன். ஒரு வரி பதில் இல்ல.

அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சேர்க்கலாம்னு அடிச்சுக்கிட்டேன். பஸ் மாறிப் போகணும்னு பக்கத்து இந்தி ஸ்கூல்லயே விட்டாரு. எனக்கோ அஞ்சாவது வரை படிச்ச தமிழ்தான் எழுத வரும். நடுவுல நீதான் இருக்க. இதையும் அவளுக்குப் படிச்சுக் காட்டு. செங்கல்னு எழுதியிருக்கிற இடத்தை ரெண்டு தரம் படி.

பவுனு


கள்ளக்குறிச்சி
8-1-2025

பவுனு அக்காவுக்கு,

நீங்கள் எழுதியபடியே போன ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ வாங்கி ஒத்திகை பார்த்தோம். பப்பாளிக்காய் நேரம் கூடிவிட்டது. கம்பியில் நிற்காமல் பாதிக் கறி நெருப்பில் விழுந்தது. அத்தை, "செத்தவனுக்கு வெக்கிறதுக்குள்ள நம்மளைப் பட்டினி போட்டுடுவா போல" என்றார்கள். கனி அதற்குச் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகிறது. அதனால் எழுதுகிறேன்.

கையைக் காட்டி எண்ணினது கனிதான். அப்பாவும் இப்படித்தான் இந்தியில் ஏக், தோ என்று எண்ணுவார் என்றாள்.

ஒரு சந்தேகம். வேலிக்காத்தான் கரி சீக்கிரமாகவே சாம்பலாகிவிடுகிறது. படையலுக்குச் சொந்தபந்தம் இருபது பேராவது வருவார்கள். இரண்டு மூன்று தடவை கரி மாற்ற வேண்டியிருக்கும். டவுனில் மரத்தூளை அமுக்கிச் செய்த ஓட்டைக் கரி விற்கிறது. அன்றைக்கு மாமா ரூமில் போட்டது மாதிரியேதான் இருக்கிறது. அது மூன்று மணி நேரம் ஆனாலும் அடங்காமல் நின்றதே. அதையே வாங்கிவிடலாமா? கறியில் ஏதாவது வாடை வருமா?

உங்கள் கடிதத்தைக் கனிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டாள். எழுந்து போய்விட்டாள். குழந்தைதானே, காலம் ஆனால் சரியாகும். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் கடுமை என்று டிவியில் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
சாந்தா


டெல்லி
15-1-2025

சாந்தா,

ஓட்டைக் கரி எங்க வீட்டுல ஒரு நாளும் போட்டதில்ல.

அந்தக் கரி உன் புருஷன் வேலை பார்த்த ஹோட்டல்ல தந்தூருக்குப் போடுறது. மிச்சம் விழுந்ததை ஒரு சாக்குல கட்டி எடுத்துட்டு வந்து எங்க ரூமுக்குப் பக்கத்துல உங்க ரூம் வாசல்ல வெச்சிருந்தான். எதை எதைச் சேர்த்து அமுக்குறானோ, அதுல சுட்டா வாயில வைக்க முடியாதுன்னு கனி அப்பா தொடக்கூட மாட்டாரு. ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போடுவாங்க. "நீ என்ன அண்ணே, நெருப்புல ஜாதி பார்க்குற"ன்னு பரமசிவம் கேப்பான். உனக்குத் தெரியாதா?

அப்புறம் எப்படி அன்னிக்கு எங்க ரூமுக்குள்ள வந்துச்சு?

உன் கடுதாசியை மங்களம் அம்மா வீட்டு சிங்க்கு பக்கத்துல நின்னு படிச்சேன். அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, நான் அதைப் பார்த்திருக்கேன். அவரைத் தூக்கிட்டுப் போன மறுநாள் அந்த வாளியை மொட்டை மாடியில கொட்டினது நான்தான். மரக்கரின்னா மாவு மாதிரி கொட்டும். அன்னிக்கு நாலு கட்டி, நடுவுல ஓட்டையோட, வெள்ளையா, உருவம் கலையாம விழுந்துச்சு. துடைப்பம் பட்டதும் பொலபொலன்னு உதிர்ந்து போச்சு. அழுதுட்டே கூட்டித் தள்ளினேன். கண்ணு பார்த்துச்சு, புத்தி பார்க்கல.

நீங்க ரெண்டு பேரும் என்ன சொன்னீங்க? அண்ணி கிளம்பின கையோட நாங்களும் ஜனக்புரியில கல்யாண ரிசப்ஷனுக்கு மெட்ரோ ஏறிட்டோம், அண்ணன் ரூம்ல எட்டிக்கூடப் பார்க்கலன்னு. செங்கல் எப்படி நகர்ந்துச்சுன்னு நான் கேட்டப்ப, மாமாவே எழுந்து சாத்தியிருப்பாருன்னு சொன்னது நீ. என் தோளைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்ன.

நான் பதினோரு மாசமா குளிர்ல கம்பளி போர்த்திக்கல. அவரு நடுங்கினாரேன்னு. என் கையாலதானேன்னு. அடுப்பு பத்த வைக்கிறப்பல்லாம் இந்தக் கையைப் பார்ப்பேன்.

அந்தக் கரியைப் போட்டது யாரு? கதவைச் சாத்தினது யாரு? மழுப்பாம எழுது. வேற ஒண்ணும் எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கன்னு எழுதாதே.

பவுனு


கள்ளக்குறிச்சி
22-1-2025

அக்கா,

உங்கள் கடிதம் வந்தபோது கனி வாசலில் இருந்தாள். தபால்காரரிடமிருந்து அவள்தான் வாங்கினாள். "சித்தி, படிங்க" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள். நான் முதல் வரியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அம்மா நல்லா இருக்காங்களாம், நீ நல்லா படிக்கணுமாம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இவ்வளவு பெரிய காகிதத்துக்கு இவ்வளவுதானா என்று கேட்டாள்.

சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போன பிறகு இவர் மாமாவைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். மாமா கம்பளிக்குள்ளே சுருண்டு கிடந்தார். "டேய் பரமு, இந்தத் தணல் அணைஞ்சு போச்சுடா, குளிருது" என்றார். இவர் சாக்கிலிருந்து நாலு ஓட்டைக் கரி எடுத்துப் போட்டு ஊதிவிட்டார். புகை அடங்குகிற வரைக்கும் நின்றோம் அக்கா. புகை போய்விட்டால் பயம் இல்லை என்றுதானே எல்லாரும் நினைத்தோம்? சூடு வெளியே போகிறதே என்று செங்கல்லை எடுத்தது இவர். ஜன்னல் இடுக்கில் சாக்கை மடித்துச் செருகினது நான். மாமா, "இப்பதான்டா உடம்புல உசுரு வருது" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசினது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம்.

திரும்பி வந்தபோது கூட்டம். நீங்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, நான்தான் நெருப்பை வெச்சேன், நான்தான் வெச்சேன் என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். இவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். அப்படியே நின்றுவிட்டோம். நாளைக்குச் சொல்லலாம், கருமாதி முடியட்டும், பதினாறு முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, பிறகு சொல்லவே முடியாமல் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கனிக்குப் போட்ட நாலு கடிதத்திலும் செங்கல் வருகிற இடத்தை நான் படிக்கவில்லை. அதைக் கேட்டால் அப்புறம் யார் எடுத்தது என்று கேட்பாள். அதற்குப் பதிலாக, அம்மா தெரியாமல் செய்துவிட்டேன், என்னை மன்னிச்சிடு என்று எழுதியிருப்பதாகப் படித்தேன். நாலு தடவையும். போன மாசம் எனக்கு எழுதினதையும் அப்படித்தான்.

இவர் இப்போது குடிக்கிறார். என்னோடு பேசுவதில்லை. அத்தைக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு மகன்தான். உங்களுக்குப் போனது போய்விட்டது. சொன்னால் எனக்கும் போகும். கனிக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், பக்குவம் வரட்டும், நானே சொல்கிறேன். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் அக்கா. இந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடுங்கள்.

சாந்தா


டெல்லி
30-1-2025

சாந்தா,

கொளுத்தல. ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிருக்கேன்.

ஸ்ரீதர் தம்பிகிட்டப் போய்க் கேட்டேன். ஏன் கேக்குறேன்னு சொல்லல. அவரு சொன்னாரு, கரி எரியிறப்ப ஒரு விஷக் காத்து வருமாம். கண்ணுக்குத் தெரியாதாம், வாசனையும் கிடையாதாம். புகை போன பிறகும் அது வந்துக்கிட்டே இருக்குமாம். சாத்தின ரூமுக்குள்ள புதுக் கரி போட்டா ஆளுக்குத் தூக்கம் மாதிரி வருமாம், அப்படியே முடிஞ்சிடுமாம். அப்ப கதவு திறந்திருந்து, ரெண்டு கைப்பிடி தணல் மட்டும் இருந்தா என்ன ஆகும்னு கேட்டேன். "அது தப்புதான் அக்கா, ஆனா ஆளுக்கு ஏதும் ஆகுறதுக்குள்ள அணைஞ்சிருக்கும்"னாரு. நான் பாத்ரூம்ல போய் உக்காந்து வாயில முந்தானையைச் செருகிக்கிட்டு அழுதேன்.

உன் புருஷன் அண்ணனைக் கொன்னான்னு நான் சொல்லல. குளிருதுன்னு கேட்டாரு, போட்டான். நான் எந்த எண்ணத்துல அங்கீட்டியை உள்ள வெச்சேனோ அதே எண்ணம்தான். அந்த ராத்திரி நீ என்னைத் தனியாக் கூப்பிட்டு, அக்கா இப்படி ஆயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, போலீஸ்கிட்ட நானே என் மேல போட்டுக்கிட்டிருப்பேன். பரமசிவத்தை நான் தோள்ல தூக்கி வளர்க்கலன்னாலும் பத்து வருஷம் சோறு போட்டவ. அத்தைக்காகச் செஞ்சிருப்பேன். நீ கேக்கல. நான் கத்திக்கிட்டிருந்தேன், அது உனக்கு வசதியாப் போச்சு.

அதைக்கூட விடு. பயந்துட்டீங்க.

ஆனா கனிக்கு நான் எழுதினதை நீ மாத்திப் படிச்ச. எதிர்ல உக்காந்திருக்கிற புள்ள மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே படிச்ச. நான் ஒவ்வொரு எழுத்தா கூட்டி, அடிச்சு, திருத்தி, நாலு ராத்திரி எழுதினதை எடுத்து, என் வாயில நான் சொல்லாததை வெச்ச. பயத்துல ஒரு தரம் செய்யலாம். அஞ்சு தரம் செஞ்சிருக்க. பதில் வரலையேன்னு நான் தபால்காரனைத் திட்டிக்கிட்டிருந்தேன், தெரியுமா? அந்த ஆளு என்னைக் கண்டா சைக்கிளை வேற சந்துல விடுவான்.

உங்களுக்குப் போனது போயிடுச்சுன்னு எழுதியிருக்க. எனக்குப் போனது ரெண்டு. ஒண்ணு செத்துப் போச்சு, இன்னொண்ணு உன் வீட்டுல உயிரோட இருக்கு.

ரெண்டு வருஷம் தர மாட்டேன். ஆறாம் தேதி ராத்திரி ரயில் ஏறுறேன். எட்டாம் தேதி சாயங்காலம் உங்க வாசல்ல இருப்பேன். அத்தை உள்ள விடாட்டி ரோட்டுல நிப்பேன். போலீஸுக்குப் போக மாட்டேன், ஊரைக் கூட்ட மாட்டேன். அத்தைகிட்ட சொல்றதா வேண்டாமாங்கிறது உன் பாடு, உன் புருஷன் பாடு. எனக்குக் கனி ஒருத்திகிட்டதான் பேச்சு. அவ கேட்ட பிறகு என் கூட வர்றாளா, அங்கயே இருக்காளா, அப்பாவுக்குச் சுட்ட கறி வெக்கணுமா வேண்டாமா, எல்லாம் அவளே முடிவு பண்ணட்டும். அவ என்னைத் திரும்பிப் பார்க்காமப் போனாலும் போகட்டும். உண்மையைக் கேட்டுட்டுப் போகட்டும்.

இந்தக் கடுதாசியை அவளுக்கு நீ படிச்சுக் காட்ட வேண்டாம். நானே சொல்லிக்கிறேன். அவளுக்கு நல்லாப் புரியிற பாஷையில, இந்தியில சொல்வேன். ஆறு வருஷம் டெல்லியில இருந்தவ நீ, உனக்கும் புரியும். நான் பேசுறப்ப உள்ள ஓடிப் போயிடாதே. அவ பக்கத்துல வந்து நில்லு. ஒரு வார்த்தை நான் கூட்டிச் சொன்னாலும் அங்கயே என்னை நிறுத்து.

பவுனு